சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்தால் ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: லண்டனின் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி (MGB) ரோட்ஸ்டர் என்ற பழைய திறந்த கார் ஒன்று வைத்திருக்கிறேன். சில வாரங்களாக, எஞ்சின் ஓடும்போது டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு முழுதாக அணையாமல் மங்கலாக எரிகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் சற்றுக் கூடுதலாக எரிகிறது. வண்டியை நான்கைந்து நாட்கள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது; செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி போன ஆண்டு வாங்கியதுதான். ஒரு பட்டறையில் காட்டியபோது, எதையும் அளந்து பார்க்காமலேயே "ஆல்டர்னேட்டர் போய்விட்டது" என்று சொல்லிவிட்டார்கள். நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். நிறுத்திய நிலையில் பேட்டரியில் 12.1 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.0, ஹெட்லைட் போட்டால் 12.5 காட்டுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா? மாற்றுவதாக இருந்தால் நானே செய்ய முடியுமா?
— ஹாரோ வாசகர், இங்கிலாந்து

பதில்: அளவுகளைக் குறித்து அனுப்பியதால் உங்களுக்குப் பயனுள்ள பதிலைச் சொல்ல முடிகிறது. நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும், 12.1 என்றால் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட் போட்டதும் 12.5-க்கு இறங்குகிறது என்றால், விளக்குக்கான மின்சாரத்தில் ஒரு பகுதி பேட்டரியிலிருந்தே போகிறது. ஆகவே பேட்டரிக்குச் சார்ஜ் சரியாக வந்து சேரவில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சார்ஜ், எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலேயே உற்பத்தியாகவில்லையா, உற்பத்தியாகி வழியில் வீணாகிறதா என்பதை இந்த மூன்று அளவுகளும் சொல்லவில்லை. பட்டறைக்காரர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஆல்டர்னேட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில செய்திகள். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபியின் எஞ்சின் 1798 சிசி பி-சீரீஸ். நம் ஊர் அம்பாசிடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் உடன்பிறப்பு அது. அம்பாசிடரில் கை வைத்துப் பழகிய உறவினர் யாரேனும் இருந்தால், உங்கள் பானட்டைத் திறந்ததும் பாதிப் பொருட்களை அடையாளம் காட்டிவிடுவார். 1967-இன் இறுதியில் வந்த இரண்டாம் வடிவத்தில், பழைய வகை மின்னாக்கியான டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. உங்கள் வண்டியில் யாரும் மாற்றியிருக்காவிட்டால் இருப்பது லூகாஸ் 16ஏசிஆர்: அதிகபட்சம் 34 ஆம்பியர் தரக்கூடியது, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே பொருத்தப்பட்டது. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், இந்த இங்கிலாந்து நிறுவனத்தின் கூட்டில் உருவானதுதான். பழைய ஆங்கிலேயக் கார்களின் எல்லா மின்கோளாறுகளுக்கும் லூகாஸ் பொருட்களையே குறை சொல்லும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. இந்த ஆல்டர்னேட்டர் எளிமையானது, பிரித்துப் பழுதுபார்க்கக்கூடியது. அரை நூற்றாண்டு மழையிலும் பனியிலும் நின்ற பித்தளை இணைப்புகளில் களிம்பு ஏறுவதற்கு ஆல்டர்னேட்டர் பொறுப்பாகாது.

மங்கலான அந்த விளக்கிலிருந்து தொடங்குவோம். விளக்கின் ஒரு பக்கத்துக்குச் சாவி வழியாகப் பேட்டரியின் மின்சாரம் வருகிறது. மறுபக்கம் பழுப்பில் மஞ்சள் கோடிட்ட மெல்லிய வயர் வழியாக ஆல்டர்னேட்டரின் சிறிய டெர்மினலுக்குப் போகிறது. சாவியைத் திருப்பியதும், ஆல்டர்னேட்டர் இன்னும் சுற்றாததால், இந்த விளக்கின் வழியே செல்லும் சிறு மின்சாரம், ஆல்டர்னேட்டரின் உள்ளே சுழலும் பகுதியான ரோட்டரின் காயிலுக்குப் போய் அதைக் காந்தமாக்குகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரு பக்கமும் வோல்ட் சமமாகிவிடுவதால் விளக்கு அணைகிறது. ஆகவே மங்கலாக எரியும் விளக்கு, இரு பக்கமும் சமமாக இல்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று பழுதானாலும் அப்படி எரியும்; ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்து, தடிமனான பழுப்பு வயரின் இணைப்பில் களிம்பு பிடித்திருந்தாலும் அப்படி எரியும்; சாவி சுவிட்ச் தேய்ந்து அதில் வோல்ட் இழப்பு ஏற்பட்டாலும் அப்படியேதான் எரியும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது.

அளப்பதற்கு முன்னால் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிடுங்கள்; இறங்கிய பேட்டரியோடு எடுக்கும் எந்த அளவும் உங்களைக் குழப்பும். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் அது புல்லியில் வழுக்கும். ஹெட்லைட் போட்டதும் கீச்சென்று ஒலித்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அடுத்து எர்த், அதாவது வண்டியின் உடல் வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. எஞ்சின் ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருப்பதால், பின்னல் எர்த் பட்டை ஒன்றுதான் அதை வண்டியின் உடலோடு இணைக்கிறது. அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ மின்சாரம் வேறு வழி தேடும். செல்ஃப் அடித்த உடனே சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் பட்டையின் வேலையை அந்த மெல்லிய கேபிள் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் ஆண்டு வண்டிகள் இருக்கைகளுக்குப் பின்னால் தொடராக இணைத்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளோடு வந்தவை. இன்னும் அப்படியே இருந்தால் இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனைகளையும் கழற்றித் தேய்த்துவிடுங்கள். கைக்கு எட்டாத இடம் என்பதால் பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதேயில்லை.

இனி தீர்மானமான சோதனை. எஞ்சினை 2000 சுற்றில் ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஹீட்டர் ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் பிளக்கின் பின்புறமாக, தடிமனான பழுப்பு வயர் நுழையும் இடத்தில் டெர்மினலைத் தொடும்படி வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். அங்கே கை எட்டாது என்பதால் நீளமான வயர் ஒன்று தேவைப்படும். பெல்ட்டிலும் ஃபேனிலும் அது சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது மீட்டர் காட்டுவது, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி வரையான வழியில் இழக்கப்படும் வோல்ட். அது அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வழி சுத்தம். ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது; நீங்கள் புது ஆல்டர்னேட்டரே போட்டாலும் சார்ஜ் வந்து சேராது. எம்ஜிபியில் இந்தப் பழுப்பு வயர் செல்ஃப் மோட்டாரின் மேல் உள்ள மின்காந்த சுவிட்சான சாலினாய்டுக்குப் போய், அங்கே பேட்டரியின் பெரிய கேபிளோடு சேர்கிறது. தாழ்வான இடம்; சாலைத் தண்ணீரும் எஞ்சின் ஆயிலும் தொடர்ந்து படும். அங்கே வரிசையாகச் செருகியிருக்கும் பழுப்பு வயர்களின் நுனியில் பச்சைக் களிம்பையோ, சூட்டில் கருகி விறைத்துப்போன உறையையோ கண்டால் விடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எர்த் பக்கத்தையும் இதேபோல் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்துவிடுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

வழி சுத்தமாக இருந்தும் ஆல்டர்னேட்டரின் டெர்மினலிலேயே 13 வோல்ட்தான் வருகிறது என்றால் அப்போது ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லலாம். அப்படியும் உள்ளே எந்தப் பாகம் என்று அறிய இரண்டு சோதனைகள் உள்ளன. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். ரோட்டரைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் பிறக்கும் மூன்று கட்ட மாறுமின்சாரத்தை ஆறு டயோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன. மேலும் மூன்று சிறிய டயோடுகள் ரோட்டர் காயிலுக்கு ஊட்டுகின்றன. ஆறில் ஒன்று போனாலும் மாறுமின்சாரத்தின் அலை பேட்டரி வரை வந்துவிடும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பழுது என்று பெரும்பாலும் நம்பலாம். சிலசமயம் ஆல்டர்னேட்டரிலிருந்து முனகல் போன்ற ஒலியும் கூடவே கேட்கும்.

இரண்டாவது சோதனை, நிறுத்திய வண்டியில் பேட்டரி ஏன் இறங்குகிறது என்பதற்கானது. சாவியை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தால் எரியும் விளக்கு இருந்தால் அதன் பல்பையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். அந்த இணைப்பு இருக்கும்போது தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது. மீட்டர் அந்தக் கணமே போய்விடும். ரேடியோ போன்ற எதுவும் கூடுதலாகப் பொருத்தாத 1972 வண்டியில் மீட்டர் ஏறக்குறைய சுழியைக் காட்ட வேண்டும். அரை ஆம்பியர் ஓடினால்கூட ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி கரைந்துவிடும். நான்கைந்து நாட்களில் பேட்டரி படுப்பதற்கு அதுவே போதும். ஏதாவது மின்சாரம் ஓடுவதாகத் தெரிந்தால் ஆல்டர்னேட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். உடனே சுழிக்கு இறங்கினால், பின்னோக்கிச் செல்லும் மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய டயோடு அதை விட்டுக்கொண்டிருக்கிறது. கசிவு பெரிதாக இருந்தால், இரவு முழுவதும் நின்ற வண்டியிலும் ஆல்டர்னேட்டரின் உடல் காலையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

மங்கலான விளக்கு, நிறுத்தியபோது இறங்கும் பேட்டரி ஆகிய இரண்டு அறிகுறிகளும் உங்கள் வண்டியில் சேர்ந்து வந்திருப்பதால், டயோடு மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். களிம்பு பிடித்த இணைப்பால் சார்ஜ் குறையும். ஆனால் நிறுத்திய வண்டியின் பேட்டரியை அது காலி செய்யாது. மேலே சொன்ன சோதனைகள் அதை உறுதிசெய்தால், புதிது வாங்குவதற்கு முன் பழையதையே சரிசெய்வதைப் பற்றி யோசியுங்கள். பின்பக்கப் பிளாஸ்டிக் மூடியின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் டயோடு தட்டு, ரெகுலேட்டர், கார்பன் பிரஷ் மூன்றும் கண்முன் இருக்கும். புதிய பிரஷ் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் நீளம். கூட்டிலிருந்து 5 மில்லிமீட்டர் அளவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். பிரஷ்கள் உரசும் ரோட்டர் வளையங்களான ஸ்லிப் ரிங்குகளுக்கு இடையே ஓம் அளவில் பார்த்தால் மூன்று முதல் ஐந்துக்குள் வர வேண்டும். முடிவில்லாமல் காட்டினால் ரோட்டர் காயில் அறுந்துவிட்டது. அந்த நிலையிலும், பேரிங் கரகரத்தாலும் முழு ஆல்டர்னேட்டரை மாற்றுவதே உத்தமம். டயோடு, ரெகுலேட்டர், பிரஷ் அளவில் நின்றால் பாகங்களுக்கு ஆகும் செலவு குறைவு. உங்கள் வண்டியோடு பிறந்த பொருளும் காப்பாற்றப்படும்.

கூடுதல் ஆம்பியர் உள்ளதை வாங்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு எழலாம். 60 வாட் ஹாலோஜன் ஹெட்லைட் இரண்டும் சிறு விளக்குகளும் சேர்ந்து 10 அல்லது 11 ஆம்பியர் எடுக்கும். இக்னிஷன், ஹீட்டர் ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் கூட்டினாலும் 25-ஐத் தாண்டுவது அரிது. 34 ஆம்பியர் போதும். பெரிய ஆல்டர்னேட்டர் போட விரும்பினால் பழுப்பு வயரையும் அதற்கேற்ற தடிமனில் மாற்றியாக வேண்டும். இந்த வண்டியில் அந்த வயருக்கு ஃபியூஸ் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

அதே காரணத்தால், ஆல்டர்னேட்டரைக் கழற்றும் வேலையைப் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை இது; கருவியும் பொறுமையும் இருந்தால் ஒரு காலைப் பொழுது போதும். அங்குல அளவு ஸ்பானர்களை வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அரை அங்குலம்தான் தேவைப்படும். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிளக்கைப் பிடுங்கி, தாங்கும் போல்ட்டுகளையும் பெல்ட்டை இறுக்கும் பட்டையின் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் கழன்றுவிடும். அதன்பின் போல்ட்டுகளை முழுதாக எடுத்து, வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே எடுங்கள். மாற்றாக வரும் ஆல்டர்னேட்டரில் புல்லி இல்லாவிட்டால் பழையதன் புல்லியையும் ஃபேனையும் மாற்றிப் பொருத்த வேண்டும். பழைய பிளக்கில் உள்ள டெர்மினல்களைச் சுத்தம் செய்யாமல் புது ஆல்டர்னேட்டரில் செருகாதீர்கள்.

பொருத்தும்போது போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவைத்துவிட்டு, ஒரு நேரான கம்பியைப் புல்லிகளின் மேல் வைத்து எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெல்ட்டை இறுக்க நெம்ப வேண்டியிருந்தால், புல்லி இருக்கும் முன்பக்கத் தாங்கியில் மட்டுமே நெம்ப வேண்டும். பின்பக்கத்திலோ நடு உடலிலோ கம்பி வைத்து நெம்பினால் அலுமினிய வார்ப்பு வெடித்துவிடும், புதிதாக வாங்கியது அன்றே வீணாகும். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் 13 மில்லிமீட்டர் அளவு இறங்க வேண்டும். தளர்ந்தால் சார்ஜ் ஏறாது. அதிகம் இறுகினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் சேர்ந்து தேயும். புதிய பெல்ட் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

எல்லாம் முடிந்து பேட்டரியை இணைத்ததும், சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு நன்றாக எரிந்து, எஞ்சின் எடுத்ததும் முழுதாக அணைய வேண்டும். பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டியும், ஹெட்லைட் போட்டாலும் 13.8-க்குக் குறையாமலும் காட்டினால் வேலை சுத்தம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. வண்டியை ஓட்டாமல், புதிதாக வாங்கிய ஆல்டர்னேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்திலிருந்து பல பட்டறைகளில் நீடிக்கிறது. அந்த ஒரு நொடியில் எழும் வோல்ட், நல்ல டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது 1965 எம்ஜிபி, டைனமோ உள்ளது. ஆல்டர்னேட்டராக மாற்ற நினைக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?
— லெஸ்டர் வாசகர், இங்கிலாந்து

பதில்: உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் முறையில் வந்தது, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டர் வேண்டுமானால் முதலில் முழு வண்டியையும் நெகட்டிவ் எர்த்தாக மாற்ற வேண்டும். மாற்றாமல் இணைத்தால் டயோடுகள் உடனே எரிந்துவிடும். பேட்டரி கேபிள்களை இடம் மாற்றுவதோடு இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்றுங்கள். விளக்குகளுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் பாதிப்பில்லை. எஞ்சின் சுற்றைக் காட்டும், மின்சாரத்தில் இயங்கும் டாக்கோமீட்டருக்குப் பாதிப்பு உண்டு. அதன் உள்ளே மாற்றம் செய்தாக வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். வண்டியை வாரம் ஒருமுறை பகலில் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் டைனமோவுக்குப் புது பிரஷ் போட்டு அப்படியே வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். இரவில் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால் மாற்றுவதில் பொருள் உண்டு. டைனமோ ஐட்லிங்கில் ஏறக்குறைய எதுவும் தராது.

கேள்வி: 1978 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரில் டாஷ்போர்டு பல்புகளை எல்லாம் எல்இடியாக மாற்றினேன். அதன்பிறகு எஞ்சின் எடுத்ததும் சார்ஜ் ஆவதில்லை. ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்தால்தான் தொடங்குகிறது. ஆல்டர்னேட்டர் பழுதா?
— டொரொன்டோ வாசகர், கனடா

பதில்: பழுதில்லை. முதல் பதிலில் சொன்னதுபோல, ரோட்டரைக் காந்தமாக்கும் முதல் மின்சாரம் சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் செல்கிறது. 2.2 வாட் இழை பல்பு ஏறக்குறைய 0.18 ஆம்பியரை விடும். எல்இடி அதில் சிறு பகுதியையே விடும். ரோட்டரில் மிஞ்சியிருக்கும் பழைய காந்தத்தை நம்பி, வேகமாகச் சுற்றும்போதுதான் உங்கள் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்கிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய பல்பையே போட்டுவிடுங்கள். எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக 82 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைக்கலாம். அது சூடாகும் என்பதால் வயரிங்கை ஒட்டி வைக்க வேண்டாம்.

கேள்வி: 1984 போர்ஷே 911 கரேரா வைத்திருக்கிறேன். ஓட்டும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால், பேட்டரியில் இருக்கும் சார்ஜை வைத்து வீடு வரை ஓட்டிவிடலாமா?
— ஸ்டட்கார்ட் வாசகர், ஜெர்மனி

பதில்: ஓட்டக் கூடாது. வேறு பல கார்களில் அரை மணி நேரம் சமாளித்துவிடலாம். உங்கள் வண்டியின் அமைப்பு வேறு. 1989 வரை வந்த காற்றுக் குளிர்ப்பு 911-களில், எஞ்சினைக் குளிர்விக்கும் பெரிய ஃபேனும் ஆல்டர்னேட்டரும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. சார்ஜ் விளக்கு எரிவதற்கு அந்தப் பெல்ட் அறுந்தது காரணமாக இருந்தால், எஞ்சினுக்குக் காற்றே போகவில்லை. சில நிமிடங்களில் பெருஞ்சேதம் ஆகும். உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, பின் மூடியைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இறுக்கம் சரியாக இருந்தால், கோளாறு சார்ஜ் சுற்றில் மட்டும்தான். விளக்குகளைக் குறைத்துக்கொண்டு அருகிலுள்ள பட்டறை வரை போகலாம். இந்த வண்டியில் பெல்ட்டின் இறுக்கத்தைப் புல்லியின் இரு பாதிகளுக்கு இடையே வைக்கும் மெல்லிய வாஷர்களைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிசெய்வார்கள். ஒரு பெல்ட்டையும் புல்லியைக் கழற்றும் கருவியையும் எப்போதும் முன் டிக்கியில் வைத்திருங்கள்.